கூக் என்று பெயர் வாங்காமல் தப்பிப்பது: சர்ஃபர்களின் பேச்சைப் பற்றி ஒரு விரிவான பதில்

வந்திருக்கும் கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் அடுத்த மாதம் இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பேயில் பத்து நாள் அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போகிறார். சர்ஃபர்களின் காணொளிகளைப் பார்த்தால் பேசுவது ஆங்கிலம்தான், ஆனால் ஒரு வாக்கியமும் முழுசாகப் பிடிபடவில்லை. இந்தச் சொற்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு போனால் அங்கே இருப்பவர்களோடு சுலபமாக ஒட்டிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

முடியாது. மனப்பாடம் செய்து பேசுகிறவர்தான் முதலில் மாட்டுவார், தெரியாமலே தெரிந்ததுபோல் நடப்பவருக்கு சர்ஃபர்கள் வைக்கும் கேலிப்பெயரான கூக் அவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் காதில் விழுந்தவுடன் புரிந்தே ஆக வேண்டிய சொற்கள் ஒரு பத்துப் பதினைந்து இருக்கின்றன, அவை தெரியாவிட்டால் உங்கள் பல்லுக்கோ அடுத்தவர் பல்லுக்கோ சேதம். ஆகவே பேசுவதற்காகப் படிக்காதீர்கள், கேட்பதற்காகப் படியுங்கள். இந்த வித்தியாசம் எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

என் கதையையே சொல்கிறேன். சிட்னிக்கு வேலைக்கு வந்து, முப்பத்தொரு வயதில், ஊரே செய்கிறதே என்று மேன்லி கடற்கரையில் ஒரு மெத்துப் பலகையை வாடகைக்கு எடுத்து இறங்கினேன். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ஒரு அலை கிடைத்தது, எழுந்து நின்றும் விட்டேன். பின்னாலிருந்து "ஓய்!" என்று ஒரு குரல். யாரோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கையைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பலகையை இழுத்துக்கொண்டு வந்தார், கோபமெல்லாம் இல்லை, "யூ டிராப்ட் இன் ஆன் மீ, மேட்" என்றார். அலுவலக ஆங்கிலத்தில் டிராப் இன் என்றால் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது, எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "நோ வொரீஸ்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவன் நீதிபதியிடம் "பரவாயில்லை சார்" என்றால் எப்படி இருக்கும், அப்படி.

டிராப் இன் என்பதுதான் அந்த உலகத்தின் முதல் குற்றம். அலை எந்த இடத்தில் முதலில் உடையத் தொடங்குகிறதோ அதற்குப் பெயர் பீக். அங்கிருந்து பக்கவாட்டில் இன்னும் உடையாமல் சரிவாக நிற்கும் பகுதி ஷோல்டர், அலையின் தோள். பீக்குக்கு மிகப் பக்கத்தில் எழுந்து நிற்பவருக்குத்தான் அந்த அலை சொந்தம். அவர் வேகமாகத் தோளை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது, தோளில் உட்கார்ந்திருக்கும் இன்னொருவர் அவர் பாதைக்குள் இறங்கினால் அவருக்குப் போக வழியில்லை, முன்னால் ஆள், பின்னால் உடைகிற வெள்ளம். பலகையின் அடியில் இருக்கும் துடுப்புகள் கத்தி மாதிரி கிழிக்கக் கூடியவை. தெரியாமல் செய்தால் டிராப் இன், தெரிந்தே செய்தால் பர்ன். இதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஸ்நேக் செய்வது: பக்கத்தில் இருப்பவரைச் சத்தமில்லாமல் சுற்றி நீந்திப் போய் பீக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு அலையையும் தனதாக்கிக்கொள்வது. சட்டப்படி பார்த்தால் சரி, ஆனால் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவரை நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அவரைப் பார்ப்பார்கள்.

அப்புறம் லெஃப்ட், ரைட். இது எளிது என்று நினைத்து எல்லோரும் தவறுகிற இடம். கரையில் நின்று பார்ப்பவரின் இடம் வலம் அல்ல, கடலிலிருந்து கரையைப் பார்த்து அலையில் வருபவரின் இடம் வலம். ஆகவே மணலில் உட்கார்ந்து டீ குடிக்கும் உங்களுக்கு இடது பக்கம் ஓடுவதாகத் தெரிகிற அலையை அவர்கள் ரைட் என்பார்கள். அறுகம்பேயின் முக்கிய அலையிடமான மெயின் பாயிண்ட் ஒரு ரைட். ஒரே பீக்கிலிருந்து இரண்டு பக்கமும் உடைகிற அலைக்கு ஏ-ஃப்ரேம் என்று பெயர், அப்படி வந்தால் இரண்டு பேர் பிரித்துக்கொள்ளலாம், அதனால்தான் பலகையில் படுத்துக் கையால் துடுப்புப் போடும்போதே "லெஃப்ட்!" "ரைட்!" என்று கத்துகிறார்கள். அது உரையாடல் இல்லை, ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பது மாதிரி.

இந்தப் பேச்சில் முக்கால்வாசி ஏன் குட்டிக் குட்டிச் சொற்களாக இருக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். செட், லல், பீக். காற்றும் அலையும் இரைகிற இடத்தில், வாயில் உப்புத் தண்ணீரோடு, ஒரு மூச்சில் கத்தினால் ஐம்பது அடி தள்ளி இருப்பவருக்குக் கேட்க வேண்டும். செட் என்றால் சாதாரண அலைகளுக்கு நடுவே கூட்டமாக வரும் பெரிய அலைகள், மூன்றோ ஐந்தோ ஏழோ. லல் என்பது இரண்டு செட்டுகளுக்கு நடுவில் கடல் மூச்சு விடுகிற நேரம். "அவுட்சைட்!" என்று யாராவது கத்தினால், நீங்கள் இருக்கும் இடத்துக்கும் வெளியே பெரிய செட் எழும்புகிறது என்று பொருள், அப்போது கரையைப் பார்த்து அழகை ரசித்துக்கொண்டிருக்கக் கூடாது, கடலை நோக்கித் துடுப்புப் போட வேண்டும். பத்து நாளில் ஒரே ஒரு சொல்தான் மனதில் நிற்கும் என்றால் இதை நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலையின் உயரத்தைச் சொல்லும் விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மீட்டர், அடி என்று முன்னறிவிப்பில் வரும், ஆனால் கடற்கரையில் யாரும் அப்படிப் பேசுவது குறைவு. ஆங்கிள் ஹை, நீ ஹை, வேஸ்ட் ஹை, ஹெட் ஹை, ஓவர்ஹெட், டபுள் ஓவர்ஹெட் என்று உடம்பை வைத்து அளப்பார்கள். நமக்கு இது புதிதே இல்லை. ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர், முழங்கால் அளவு, இடுப்பளவு, கழுத்தளவு என்றும் கிணறு ரெண்டு ஆள் ஆழம் என்றும்தானே சொல்லி வளர்ந்தோம். நம் கடற்கரையில் ஆழத்தை இன்னும் பாகத்தில் சொல்லும் மீனவர்கள் உண்டு, இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். உயிரோடு தண்ணீரில் இறங்குகிறவனுக்கு உடம்புதான் அளவுகோல், அடிக்கோலை எடுத்துக்கொண்டா போக முடியும்?

ஆனால் அடிக் கணக்கு வந்தால் வேடிக்கை ஆரம்பம். ஹவாயில் ஒருவர் மூன்று அடி என்றால் அது உங்கள் தலை உயரம் இருக்கலாம். அங்கே பழைய வழக்கப்படி அலையைப் பின்பக்கத்திலிருந்து அளந்து சொல்வார்கள், முன்பக்கச் சுவரின் உயரம் கிட்டத்தட்ட அதைப்போல இரண்டு மடங்கு. இதில் அறிவியல் எவ்வளவு, வீம்பு எவ்வளவு என்று கேட்டால் வீம்பே அதிகம் என்பது என் கருத்து. 'அது ஒன்றும் பெரிசில்லை' என்று சொல்லிக்கொண்டே பெரிய அலையில் போவதுதான் அங்கே மரியாதை. ஓவாஹு தீவின் வைமியா குடாவில் எடி ஐகாவ் என்ற உயிர்காப்பாளரின் பெயரில் ஒரு போட்டி நடக்கிறது. அதற்கு நிபந்தனை ஹவாய்க் கணக்கில் 20 அடி அலை, அதாவது முன்பக்கம் 40 அடி, நாலு மாடிக் கட்டடம். அப்படிப்பட்ட நாள் சேர்ந்து வருவது அபூர்வம் என்பதால் பல வருடங்கள் போட்டி நடக்காமலே போகும். 2023இல் நடந்தபோது ஜெயித்தவர் லூக் ஷெப்பர்ட்சன், அன்றைக்கு அதே கடற்கரையில் பணியில் இருந்த உயிர்காப்பாளர், இடையில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து அலை பிடித்தார். எடி 1978இல் ஹோகுலேயா என்ற பாரம்பரியப் படகு கவிழ்ந்தபோது உதவி தேடித் தன் பலகையில் தனியாகத் துடுப்புப் போட்டுப் போனவர், திரும்பி வரவில்லை. "எடி வுட் கோ", எடியாக இருந்தால் போயிருப்பான், என்ற மூன்று சொல் ஹவாயில் கார்களின் பின்னால் ஒட்டியிருக்கும். சர்ஃபர் பேச்சு என்றாலே விளையாட்டுப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு இந்த மூன்று சொல்லைத்தான் காட்டுவேன்.

காற்றுச் சொற்கள் இரண்டு போதும். ஆஃப்ஷோர் என்றால் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று, அது அலையின் முகத்தைத் தடவி நிமிர்த்தி நிறுத்தும், நல்லது. ஆன்ஷோர் கடலிலிருந்து கரைக்கு, அது அலையின் முதுகில் தள்ளிச் சரித்து நுரையாக்கிவிடும். காற்றே இல்லாமல் கண்ணாடி போல இருந்தால் கிளாஸி. விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால் போவதற்கு டான் பட்ரோல் என்று பெயர், விமானப்படைக்காரர்கள் பேச்சிலிருந்து வந்தது. நம்மிடம் இதற்கெல்லாம் சொல் இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது: வாடை, கொண்டல், சோழகம், கச்சான். கிழக்கைப் பார்த்த கரையில் மேற்கிலிருந்து வரும் கச்சான்தான் ஆஃப்ஷோர். அறுகம்பேயின் பருவம் ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை என்பதும் அந்தக் கச்சான் காலத்தோடு ஒட்டித்தான். இதில் ஒரு தமாஷ், இலங்கைத் தமிழில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். அறுகம்பேக்குத் தெற்கே பாணமைப் பக்கம் பீனட் ஃபார்ம் என்று ஒரு அலையிடம் இருக்கிறது, ஆக கச்சான் தோட்டத்தில் கச்சான் அடித்தால் அன்றைக்கு அலை நன்றாக இருக்கும். இந்த நகைச்சுவையை நான் சொல்லி இதுவரை சிரித்தவர் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மட்டுமே.

முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு "ஃபோர்டீன் செகண்ட்ஸ்" என்று யாராவது கண்கள் விரியச் சொன்னால், அது அலைக்கும் அலைக்கும் உள்ள இடைவெளி. எட்டு நொடி இடைவெளி என்றால் பக்கத்தில் வீசுகிற காற்று கிளப்பிய அலை, விண்ட்ஸ்வெல். பதினான்கு நொடி என்றால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் எங்கோ ஒரு புயல் அனுப்பி வைத்தது, கிரவுண்ட்ஸ்வெல். ஆழ்கடலில் எட்டு நொடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர், பதினான்கு நொடி அலைக்கு அது சுமார் 300 மீட்டர். நீளத்தில் பாதி ஆழம் வரும்போதே அலைக்குத் தரை தட்டுப்பட ஆரம்பிக்கும், ஆகவே பெரிய நீள அலை 150 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணர்ந்து வளைந்து, அடுக்காகி, முனையைச் சுற்றிக்கொண்டு ஒழுங்காக வரும். அதனால்தான் ஒரே மூன்றடி அலை ஒருநாள் வாழைப்பழமாகவும் மறுநாள் கல்லாகவும் இருக்கிறது. உயரத்தை மட்டும் கேட்டுவிட்டு ஓடுகிறவர் புதியவர், நொடியைக் கேட்பவர் பழையவர், பேச்சில் இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்.

அலைக்குக் காத்திருக்கும் இடத்துக்கு லைன்அப் என்று பெயர். வரிசையில் உட்கார்ந்திருப்பதால் அப்படி என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கரையில் இருக்கும் இரண்டு அடையாளங்களை, ஒரு மரமும் பின்னால் ஒரு கட்டடமும் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரே கோட்டில் கொண்டுவந்து தான் நகராமல் இருக்கிறோமா என்று பார்க்கிற பழக்கத்தோடு பிணைந்த சொல் அது. நீரோட்டம் தெரியாமல் இழுத்துக்கொண்டு போகும், கரையைப் பார்த்தால்தான் தெரியும். கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் பிடித்துக் கடலுக்குள் பாறையின் இடத்தைக் கண்டுபிடிக்கும் நம் மீனவரிடம் இதைச் சொன்னால், இதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் வேறா என்பார்.

விழுவதற்கான சொற்கள் மட்டும் ஒரு அகராதி அளவுக்கு இருக்கின்றன, விழுவதுதான் அதிகம் என்பதால். வைப்அவுட் பொதுப்பெயர். பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தி நீங்கள் முன்னால் தூக்கியெறியப்பட்டால் பெர்ல், முத்துக்குளிப்பு! அலையின் உதட்டோடு சேர்ந்து மேலிருந்து கீழே கொட்டப்பட்டால் ஓவர் த ஃபால்ஸ். அடியில் சுழற்றி அடிப்பது வாஷிங் மெஷின், மேலே வரவிடாமல் பிடித்து வைப்பது ஹோல்ட் டவுன். நேர்மாறாக, அலை வளைந்து மேலே மூடி உள்ளே குகைபோல இடம் விட்டு, அதற்குள் நீங்கள் நின்றபடி போனால் அது பாரல், டியூப், கிரீன் ரூம். அதற்குள் இருந்து வெளியே வந்தவர்கள் சொல்கிற விவரிப்பில் பாதி பொய் என்றாலும் கேட்க நன்றாக இருக்கும். எனக்கு இதுவரை கிடைத்தது ஒன்றரை, அந்த அரைக்கு யாரும் சாட்சி இல்லை.

இவ்வளவும் வேலைக்கான சொற்கள். நீங்கள் காணொளியில் கேட்டது இன்னொரு வகை, உடுப்பு மாதிரி போட்டுக்கொள்கிற சொற்கள். அவற்றின் பிறப்பைத் தேடிப் போனால் முதலில் நிற்பது ஹவாய். அலைச்சறுக்குக்கு அவர்கள் சொல் ஹெஎ நாலு, ஹெஎ என்றால் வழுக்குவது, நாலு என்றால் அலை. கஹுனா என்ற சொல்லுக்கு அங்கே பூசாரி, ஒரு கலையில் தேர்ந்தவர் என்று பொருள். அது கலிஃபோர்னியாவுக்குப் போய் கடற்கரைப் பெரியண்ணன் என்று கேலிச் சொல்லாகிவிட்டது. பிரா (சகோதரா), ஹவ்ஸிட் (எப்படி இருக்கே), டா கைன் (அந்தச் சமாச்சாரம்) எல்லாம் ஹவாயின் கரும்புத் தோட்டங்களில் சீனர், ஜப்பானியர், போர்ச்சுகீசியர், பிலிப்பினோக்கள், உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள உண்டாக்கிய பிட்ஜின் என்ற கலப்பு மொழியிலிருந்து வந்தவை. கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டி ஆட்டுகிற ஷாகா சைகைக்கும் அந்தக் கரும்போடுதான் உறவு. லாயியே ஊரைச் சேர்ந்த ஹமானா கலிலி என்பவர் ஆலை இயந்திரத்தில் நடு விரல்கள் மூன்றையும் இழந்தார், அவர் கையசைத்ததைப் பார்த்துப் பிள்ளைகள் பழகியது என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் கதை. தோட்டத்துக்கு ஆள் அனுப்பிய ஊர்க்காரர்களான நமக்கு இது சும்மா ஒரு கை ஆட்டலாகத் தெரியாது.

அடுத்தது கலிஃபோர்னியாவின் மாலிபு. 1950களில் ஒரு பதினைந்து வயதுப் பெண் அங்கே அலை பழகப் போனாள். அப்பா ஃபிரெடரிக் கோனர், ஐரோப்பாவிலிருந்து அடைக்கலம் வந்து ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதியவர். மகள் வீட்டில் வந்து பேசுகிற பேச்சு புரியாமல், அதையே கேட்டுக் குறித்துக்கொண்டு 1957இல் கிட்ஜெட் என்ற நாவலாக்கினார், 1959இல் படமும் வந்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஒரு அப்பா, மகளின் கொச்சையைக் காது கொடுத்துக் கேட்டதால் அந்தப் பேச்சு நாடு முழுக்கப் பரவியது என்பது எனக்கு அழகாகப் படுகிறது. மாலிபுவில் பழையவர்களுக்கு அது அழகாகப் படவில்லை. படம் பார்த்தவர்கள் எல்லாம் பலகையோடு வந்து இறங்கிவிட்டார்கள், அன்றிலிருந்து அங்கே கூட்டம். கவபங்கா என்ற கூச்சலோ சர்ஃபர்களுடையதே இல்லை, 1950களின் ஹவுடி டூடி என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்தது, அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள் கடலில் கத்தினார்கள், பிறகு நிஞ்சா ஆமை கார்ட்டூன் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு லைன்அப்பில் அதை நிஜமாகக் கத்துகிறவர் ஒன்று ஆறு வயதுப் பிள்ளை, இல்லை சுற்றுலாப் பயணி. அபாரம் என்ற பொருளில் சொன்ன ட்யூபுலர் என்ற சொல்லும் அப்படித்தான், செத்து நாற்பது வருடம். நார்லி பிழைத்திருக்கிறது, முறுக்கிக்கொண்ட முடிச்சு விழுந்த மரத்தைச் சொல்லும் சொல்லிலிருந்து வந்து, ஆபத்தான அலைக்கு ஆகி, இப்போது எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. ஸ்டோக்டும் பிழைத்திருக்கிறது. உலையில் கரி அள்ளிப் போட்டுக் கொழுந்துவிட வைப்பதற்கு ஸ்டோக் என்பார்கள், நல்ல அலை கிடைத்த மனசு அப்படித்தான் இருக்கும் என்பதால் சாகவில்லை போலும்.

ஆஸ்திரேலியாவில் சொற்களின் முகமே வேறு. 1914-15 கோடையில் ஹவாயின் நீச்சல் வீரர் ட்யூக் கஹானமோக்கு இங்கே வந்து, மேன்லிக்குப் பக்கத்தில் ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் பைன் மரத்தில் பலகை செய்து சறுக்கிக் காட்டினார், அந்தப் பலகை இன்னும் பத்திரமாக இருக்கிறது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸை ஒட்டி வந்த அமெரிக்க உயிர்காப்பாளர்கள் மாலிபு பலகைகளைக் கொண்டுவந்தார்கள், அதனால் நீளப் பலகைக்கு இங்கே இன்றும் மல் என்றே பெயர். கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் பாறைமேல் உடைகிற அலைக்கு பாம்பி என்பார்கள், சிட்னிப் பகுதிப் பூர்வகுடிகளின் பாம்போரா என்ற சொல்லைச் சுருக்கியது. பொடியன்களுக்குக் க்ரோமெட், க்ரோம். ரொம்ப உற்சாகத்தில் இருந்தால் ஃப்ராத்திங், நுரை தள்ளுகிறானாம். படுத்தபடி சறுக்குகிற பாடிபோர்டர்களுக்கு எஸ்கி லிட், பீர் குளிர வைக்கும் பெட்டியின் மூடி. அவர்களையே ஷார்க் பிஸ்கட் என்றும் சொல்வதுண்டு, அதற்கு விளக்கம் வேண்டாம். வலது காலை முன்னே வைப்பவர் கூஃபி, இடது கால் முன்னே என்றால் அமெரிக்காவில் ரெகுலர், இங்கே நேச்சுரல். ஒருவர் வைத்திருக்கும் பலகைகள் மொத்தத்துக்கும் குவிவர், அதாவது அம்பறாத்தூணி. என் அம்பறாத்தூணியில் மூன்று இருக்கின்றன, ஒன்று உடைந்தது, கணக்கு வீட்டில் கேட்காதவரை நல்லது.

இப்போது கூக். உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் பயம் இதுதான் என்று நினைக்கிறேன். புதியவர் எல்லாம் கூக் அல்ல. தெரியாதவர் வேறு, தெரியாதது தனக்குத் தெரியவில்லை என்பதே தெரியாதவர் வேறு, இரண்டாமவர்தான் கூக். குளிருக்குப் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டின் முதுகுப்பக்க ஜிப்பை முன்னால் வரும்படி போட்டுக்கொள்வது, துடுப்புகளைத் திருப்பி மாட்டுவது, மெழுகைப் பலகையின் அடிப்பக்கம் தேய்ப்பது எல்லாம் சிரித்துவிட்டுச் சொல்லித் தருகிற தவறுகள். நடுக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து "டூட், ஸோ நார்லி" என்பது அப்படியல்ல. கலிஃபோர்னியாவில் கார்டிஃப் என்ற இடத்தில் 2007இல் ஒரு சர்ஃபர் சிலை வைத்தார்கள், மேஜிக் கார்ப்பெட் ரைட் என்று பெயர் சூட்டி. கையையும் காலையும் அப்படி வைத்துக்கொண்டு எவனும் அலையில் நிற்க மாட்டான் என்று ஊர்க்காரர்கள் அதற்கு கார்டிஃப் கூக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதோடு விடவில்லை, அடிக்கடி ஒரு வேஷம் போட்டு விடுகிறார்கள், ஒருமுறை காகிதக்கூழில் பெரிய சுறா செய்து சிலையை அதன் வாய்க்குள் வைத்தார்கள். இன்று ஊரில் எல்லோருக்கும் செல்லம் அது. கேலி அங்கே சேர்த்துக்கொள்வதற்கான வழியும்தான்.

கணுக்காலில் கட்டுகிற கயிறு, லீஷ், 1970களின் தொடக்கத்தில் வந்தபோது அதற்கே கூக் கார்ட் என்றுதான் பெயர், பலகையைப் பிடித்துக்கொள்ளத் தெரியாதவனுக்குக் கயிறு என்று. அந்தக் காலக் கயிறு ரப்பர் போல இழுபட்டுப் பலகையைத் திருப்பி அடிக்கும், வெட்சூட்டுக்குப் பேர்போன ஜாக் ஓநீலுக்கு 1971இல் ஒரு கண் அப்படித்தான் போயிற்று. இன்றைக்கு நிலைமை தலைகீழ், கூட்டமான இடத்தில் கயிறு கட்டாமல் பலகையை விட்டுவிடுகிறவர்தான் கூக். மாறுகிற மொழி இது, ஒரு வருடத்துப் பட்டியலைப் படித்துக்கொண்டு போவதில் பயன் குறைவு என்பதற்கு இதைவிட உதாரணம் தேட வேண்டாம்.

பேசாமல் இருப்பதும் இந்த மொழியில் ஒரு பகுதி. நல்ல அலை எங்கே என்று கேட்டால் "அப் த கோஸ்ட்", வடக்கே எங்கேயோ, என்பார்கள், நூறு கிலோமீட்டரும் அதில் அடங்கும். இடத்தின் பெயரைப் படத்தோடு பொதுவில் போடுவது பெரிய துரோகம். மெயின் பாயிண்ட் மாதிரி உலகமே அறிந்த இடத்துக்கு அது பொருந்தாது, ஆனால் உங்கள் பயிற்சியாளர் ஆட்டோவில் ஒரு மணி நேரம் கூட்டிப்போய் யாருமில்லாத ஒரு முனையைக் காட்டினால் படத்தில் இடக்குறி போடாதீர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு முதல் அலை என்பதும் எழுதாத விதி. சில ஊர்களில் இது மிரட்டலாகவும் அடிதடியாகவும் போயிருக்கிறது, கலிஃபோர்னியாவின் லுனாடா பேயில் நீதிமன்றம் வரைக்கும் போயிற்று, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அறுகம்பேயில் உள்ளூர்ப் பையன்கள் அந்த அலையில் வளர்ந்தவர்கள், நீங்கள் பத்து நாள் விருந்தாளி.

உங்களுக்கு அங்கே ஒரு வசதி இருக்கிறது, மற்ற வெளியூர்க்காரர்களுக்கு இல்லாதது. பொத்துவில் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் மகாபலிபுரம், கோவளம் பக்கம் ஒருமுறை இறங்கியபோது நான் கேட்டது "அண்ணா, செட் வருது, உள்ள போங்க, உள்ள போங்க" என்ற கத்தல். உள்ளே என்றால் கரைப்பக்கம் என்று எடுத்துக்கொண்டு திரும்பினேன், அவர்கள் சொன்னது கடலுக்குள்ளே. சர்ஃபர் ஆங்கிலத்தில் இன்சைட் என்றால் கரைப்பக்கம், மீனவர் தமிழில் உள்ளே என்றால் கடல். மூன்று அலை என் தலையில் விழுந்தபிறகுதான் இந்த மொழிபெயர்ப்புச் சிக்கல் விளங்கியது. அறுகம்பேயில் முதல் நாள் புதியவர்கள் பழகும் பேபி பாயிண்டில் இறங்கும்போதே, உள்ளே, வெளியே என்று தமிழில் சொன்னால் எந்தப் பக்கம் என்று உங்கள் பயிற்சியாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "ஓய்" என்றால் கையைத் தூக்கிக் காட்டாதீர்கள். பலகையைத் திருப்பி அலையை விட்டு வெளியே வந்துவிட்டு, அவர் திரும்பித் துடுப்புப் போட்டு வரும்போது ஒரு "சாரி" சொல்லுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ, எதில் சொன்னாலும் புரியும்.